கேட்டறிந்து கட்டியவர்: மினெட் டி சில்வா

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் சங்கப் பொதுக்கூட்டத்தில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் அவர் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோதான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். செயலாளர் என்னிடம் கேட்டதும் அதைத்தான். ஆனால் இன்று ஒரு கட்டடக்கலைஞரைப் பற்றிப் பேச நான் அனுமதி கேட்டேன். அதற்குக் காரணம் உண்டு. மண்டபத்துக்குள் வரும்போது வாசலில் வைக்கப்பட்டிருந்த பெரிய வரைபடத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாங்கள் எல்லோரும் பணம் சேர்த்துக் கட்டப்போகும் நூற்றாண்டுக் கட்டடத்தின் வரைபடம் அது. அதைக் கட்டுவதற்கு முன்னர், இதே மலைநாட்டில் பிறந்து, வீடு என்றால் என்ன, அது யாருக்காக என்று வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நாம் நினைத்துக்கொள்வது நல்லது என்று எனக்குப் பட்டது. அவர் பெயர் மினெட் டி சில்வா.

இலங்கையின் கட்டடக்கலைஞர் ஒருவரின் பெயரைச் சொல்லச் சொன்னால் நம்மிற் பலர் ஜெஃப்ரி பாவா என்று சொல்வோம். அது நியாயமானதே. ஆனால் பாவா கட்டடக்கலைஞராகத் தகைமை பெற்றது 1957ஆம் ஆண்டில். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1948இல், அரச பிரித்தானியக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதலாவது ஆசியப் பெண் என்ற பெருமையை மினெட் பெற்றுவிட்டார். ஊர் திரும்பிக் கண்டியில் தன் தொழிலைத் தொடங்கியும்விட்டார். அப்படியிருந்தும் நமது பாடப் புத்தகங்களில் அவரை நான் படித்ததில்லை. பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளும் படித்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் 1918ஆம் ஆண்டு கண்டியில் பிறந்தார். தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா கரையோரப் பகுதியிலிருந்து கண்டிக்கு வந்து சட்டத்தரணியாகத் தொழில் செய்த சிங்கள பௌத்தர். பின்னாளில் சுகாதார அமைச்சராகவும் இருந்தவர். தாய் அக்னஸ் நெல் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவர். அந்தக் காலத்தில் இப்படியொரு திருமணத்தை இரண்டு பக்கத்து உறவினரும் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இன்றைக்குக்கூட நம் வீடுகளில் அப்படியொரு செய்தி வந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த வீட்டில் இரண்டு மதம், இரண்டு மொழி, இரண்டு விதமான பழக்கவழக்கங்கள் இருந்தன. அத்தோடு அரசியலும் இருந்தது. ஜோர்ஜ் டி சில்வா இலங்கைத் தேசிய காங்கிரசின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். அக்னஸ் 1927இல் அமைக்கப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளர். டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று அதன் முன் சென்று சாட்சியமளித்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்தச் சாட்சியத்தின்போது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை கேட்கிறீர்களா என்று டொனமூர் பிரபு அவரிடம் வினவினார். அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும்தான் கேட்கிறோம் என்ற பொருளில் அக்னஸ் பதிலளித்ததாக வரலாறு சொல்கிறது. கொழும்பிலும் கண்டியிலும் வசதியாக வாழ்ந்த படித்த பெண்கள், தங்களுக்கு மட்டும் கேட்டிருந்தால் இலகுவாகக் கிடைத்திருக்கக்கூடிய ஒன்றை, கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் சேர்த்துக் கேட்டார்கள். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளருக்கு அது நிபந்தனைகளோடுதான் கிடைத்தது. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களோடு அவர்களிற் பெரும்பாலானோர் அதையும் இழந்தார்கள். அந்தக் கதை நம்மிற் பலருடைய பாட்டன் பாட்டிமாரின் கதை. என்றாலும், கேட்க வேண்டிய நேரத்தில் ஒருவர் நமக்காகவும் கேட்டார் என்பதை நாம் மறக்கக்கூடாது. அப்போது மினெட்டுக்கு ஒன்பது, பத்து வயது. அப்படிப்பட்ட தாயின் வீட்டில்தான் அவர் வளர்ந்தார்.

பள்ளிப் படிப்பை இலங்கையிலும் இங்கிலாந்திலும் கற்ற மினெட் கட்டடக்கலை படிக்க விரும்பினார். அந்நாளில் இலங்கையில் அதைப் படிக்க இடமில்லை. ஆகவே பம்பாய்க்குப் போனார். அங்கே ஜே.ஜே. கலைக் கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தபோது, காந்தியின் விடுதலை கோரி நடந்த ஊர்வலமொன்றில் கலந்துகொண்டார். மன்னிப்புக் கடிதம் எழுதித் தரும்படி கல்லூரித் தலைவர் கேட்டார். அவர் எழுதவில்லை. கல்லூரியிலிருந்து விலக்கப்பட்டார். பிறகு பெங்களூரில், ஜேர்மனியிலிருந்து வெளியேறி வந்திருந்த ஒட்டோ கோனிக்ஸ்பேகர் என்ற கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். தாதா உருக்காலை நகரத்துத் தொழிலாளருக்கான வீடுகள் சம்பந்தமான பணியில் ஈடுபட்டார். 1946இல் முல்க் ராஜ் ஆனந்த், தன் சகோதரி அனில் டி சில்வா முதலியோரோடு சேர்ந்து 'மார்க்' என்ற கலைச் சஞ்சிகையை ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர். அதன் பின்னர் இலண்டன் சென்று படிப்பை முடித்தார்.

1947ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த நவீன கட்டடக்கலை மாநாட்டில் எடுத்த படங்களில் அவரைக் காணலாம். ஐரோப்பிய ஆண்கள் கோட்டும் சூட்டுமாக நிற்கும் கூட்டத்தின் நடுவே, சேலையுடுத்தித் தலையில் பூவைத்து நிற்கிறார். புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லெ கோர்பூசியே அவருடைய நண்பர். பிக்காசோவையும் அவர் சந்தித்திருக்கிறார். அங்கேயே தங்கியிருந்தால் அவருடைய வாழ்க்கை வேறுவிதமாக அமைந்திருக்கும். ஆனால் நாடு சுதந்திரமடைந்த மறு வருடம், 1949இல், அவர் கண்டிக்குத் திரும்பி வந்தார்.

இவ்வளவும் கேட்டபின் நீங்கள் நினைக்கலாம்: வசதியான குடும்பம், வெளிநாட்டுப் படிப்பு, பெரிய மனிதர்களின் பழக்கம், இதில் நாம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அது நியாயமான கேள்விதான். அக்காலத்தில் கலப்புக் குடும்பங்களில் பிறந்தவர்களும் இரண்டு மூன்று மொழி பேசியவர்களும் இலங்கையில் வேறு பலரும் இருந்தார்கள். வசதி படைத்தவர்களில் பலர் வெள்ளைக்காரனின் பங்களாவைப் பார்த்து அதைப் போலவே கட்டிக்கொண்டார்கள். ஆகவே பல பண்பாடுகளுக்கு நடுவே பிறந்துவிட்டால் மட்டும் ஒருவருக்கு விசேடமான பார்வை வந்துவிடாது. மினெட் அந்தப் பிறப்பை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். அவர் கட்டிய இரண்டு வேலைகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, கண்டியில் அவர் கட்டிய கருணாரத்ன இல்லம். குடும்ப நண்பர்களுக்காக 1949 தொடக்கம் 1951 வரை கட்டியது. இடம் சரிவான மலைப்பக்கம். மலையை வெட்டிச் சமப்படுத்திப் பெட்டி போல ஒரு வீட்டை வைக்காமல், சரிவுக்கு ஏற்றபடி வீட்டையே மேலும் கீழுமான தளங்களாக அமைத்தார். மலைநாட்டில் மண்சரிவைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதன் அருமை புரியும். கொங்கிறீற்று, கண்ணாடி எல்லாம் நவீனமானவை. ஆனால் கதவுகளில் பொருத்தியவை தும்பறைப் பாய்கள்.

தும்பறைப் பாய் என்பது கண்டிக்கு அருகேயுள்ள கிராமத்தவர்கள் நாரில் நெய்யும் பாய். மான், பறவை, பூ என்று அதில் உருவங்கள் வரும். அதை நெய்தவர்கள் கின்னர சமூகத்தார். கண்டி இராச்சியக் காலம் தொட்டுச் சமூகத்தின் அடித்தட்டில் வைக்கப்பட்டிருந்தவர்கள். அவர்கள் கையால் நெய்ததை, இலண்டனில் படித்த ஒரு பெண் புதிய வீட்டின் கதவில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். அரக்கு வேலை செய்வோர், ஓடு செய்வோர் எல்லோருக்கும் அந்த வீட்டில் வேலை இருந்தது. சுவரில் ஓவியம் தீட்டியவர் ஜோர்ஜ் கீற். அவரும் கண்டியில் பிறந்த பறங்கியர் வழிவந்தவர். பொரளை கோதமி விகாரையில் புத்தர் வரலாற்றைச் சுவரோவியமாகத் தீட்டியவர்.

இங்கே இன்னொரு பெயரையும் சேர்க்க வேண்டும். கண்டிக் கைவினைஞர்களின் கலையை 1908ஆம் ஆண்டிலேயே பெரிய நூலாக எழுதிவைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி தமிழர், தாய் ஆங்கிலேயர். மினெட் தன் வழிகாட்டிகளுள் ஒருவராக அவரை மதித்தார். தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர் சிங்களக் கைவினையை எழுத்தில் காப்பாற்றினார். சிங்களத் தந்தைக்கும் பறங்கித் தாய்க்கும் பிறந்தவர் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார். இந்த நாட்டின் கலையில் எது யாருடையது என்று பிரித்துப் பார்க்க முற்படுகிறவர்கள் இவர்களை எந்தப் பெட்டியில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக் கட்டுவதற்கு மினெட் 1950களின் தொடக்கத்திலேயே 'நவீன பிரதேசக் கட்டடக்கலை' என்று பெயர் வைத்தார். புதியதும் வேண்டும், ஆனால் இந்த மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் இங்குள்ள மனிதரின் பழக்கத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதே அதன் சுருக்கம். பிற்காலத்தில் உலகெங்கும் பேசப்பட்ட ஒரு கருத்தை இவர் அப்போதே கண்டியில் செய்துகாட்டினார்.

இரண்டாவது வேலைதான் என்னை இன்று இங்கே பேச வைத்தது. அது கண்டி வட்டபுளுவ வீடமைப்புத் திட்டம். 1950களின் பிற்பகுதியில் அரசாங்க ஊழியர்களுக்காக ஏறத்தாழ 250 வீடுகள் கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. வழக்கமாக இப்படிப்பட்ட திட்டத்தில் என்ன நடக்கும்? ஒரு வீட்டுக்குப் படம் வரைவார்கள். அதையே 250 தடவை கட்டுவார்கள். மினெட் அப்படிச் செய்யவில்லை. குடியிருக்க வரப்போகிறவர்களைக் கூட்டிப் பேசினார். கேள்விக்கொத்துகள் கொடுத்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், அவர்களுக்கு என்ன தேவை, எவ்வளவு செலவழிக்க முடியும் என்று கேட்டார். பதில்களை வைத்துப் பல வகையான வீடுகளை வடிவமைத்தார். வந்தவர்கள் ஒரே இனத்தவரும் அல்லர், ஒரே மதத்தவரும் அல்லர், ஒரே வருமானம் உள்ளவர்களும் அல்லர்.

கேட்பதற்குச் சின்ன விடயம் போலத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு சைவ வீட்டில் சுவாமி அறை எங்கே இருக்க வேண்டும்? ஒரு முஸ்லிம் வீட்டில், வருகிற ஆண் விருந்தினர் அமரும் இடமும் பெண்கள் புழங்கும் இடமும் எப்படி இருக்க வேண்டும்? விறகில் சமைக்கிறவர்களின் புகை எங்கே போவது? வயதான மாமியார் படி ஏற முடியாவிட்டால் என்ன செய்வது? இவற்றையெல்லாம் ஒருவர் தானாக ஊகித்துவிட முடியாது. கேட்டால்தான் தெரியும். அதுவும், என் வீட்டு வழக்கம்தான் எல்லோருடைய வழக்கமும் என்று நினைப்பவருக்குக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே வராது. ஒரே கூரையின் கீழ் இரண்டு வழக்கங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, பக்கத்து வீட்டில் மூன்றாவது வழக்கம் ஒன்று இருக்கலாம் என்பது இயல்பாகவே தெரிந்திருக்கும். பல்பண்பாட்டு வளர்ப்பு மினெட்டுக்குக் கொடுத்த பெரிய சொத்து, கேட்க வேண்டும் என்ற அந்தப் பழக்கம்தான் என்று நான் நினைக்கிறேன்.

அந்தத் திட்டத்தின் ஆண்டையும் கவனியுங்கள். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1958 மே மாதம் இனக்கலவரம் நடந்தது. அதே 1958ஐ ஒட்டித்தான் வட்டபுளுவ வீடுகள் எழுந்தன. நாடு இனம் இனமாகப் பிரிந்துகொண்டிருந்த வேளையில், எல்லா இனத்தவரும் அடுத்தடுத்து வாழக்கூடிய வீடுகளை, அவரவரிடம் கேட்டுக் கேட்டு ஒரு பெண் கட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது வைத்தியசாலைக்கு வருகிறேன். கட்டடக்கலை எனக்கு அந்நியமான துறை. ஆனால் கேட்காமல் கொடுப்பதன் விளைவை நான் தினமும் பார்க்கிறேன்.

நான் உள்ளகப் பயிற்சி பெற்ற காலத்தில், தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு ஓர் அம்மா வருவார். நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி போடுபவர். பல மாதங்களாகச் சீனியின் அளவு இறங்கவில்லை. அவருடைய கொப்பியைப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் மருந்தின் அளவு கூட்டப்பட்டிருந்தது. மருந்தை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று அச்சிட்ட தாள் ஒன்றும் கொடுத்திருந்தார்கள். அதில் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும் என்று எழுதியிருந்தது. அந்தத் தாள் அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது.

அங்கே ஒரு தாதி இருந்தார். சிங்களவர். தோட்டத்தை ஒட்டிய கிராமத்தில் பிறந்து, தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். அவர் பேசிய தமிழ் அசல் மலையகத் தமிழ். ஒரு நாள் அவர் அந்த அம்மாவிடம் கேட்டார்: "அக்கா, ஊசி மருந்த வீட்டுல எங்க வைக்கிறீங்க?"

"அடுப்புக்கு மேல தட்டுல வைப்பேங்க. புள்ளைங்க கை எட்டாது."

மருந்து மாதக்கணக்காக அடுப்பின் சூட்டில் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. அந்த லயன் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. பூச்சுப் பூசாத மண்பானையில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் தண்ணீர் புகாதபடி ஒரு மூடிய பாத்திரத்தில் மருந்தை வைத்து, வீட்டின் குளிரான மூலையில் வைக்கும்படி அந்தத் தாதி சொல்லிக்கொடுத்தார். வசதியற்ற இடங்களில் பலகாலமாகப் பயன்படும் முறைதான் அது. புதிய மருந்தோடு சீனியின் அளவு இறங்கியது. கூட்டியிருந்த மருந்தைக் குறைக்க வேண்டி வந்தது.

அந்த அம்மாவின் நிலையை மாற்றியது ஒரேயொரு கேள்வி. அந்தக் கேள்வியை எந்தப் பாடப் புத்தகமும் அந்தத் தாதிக்குக் கொடுக்கவில்லை. லயன் வீட்டின் அடுப்படியை அவர் சிறுவயதில் பார்த்திருந்தார். அதனால்தான் அந்தத் தாளுக்கும் அந்த வீட்டுக்கும் பொருத்தமில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. மினெட் வட்டபுளுவவில் செய்ததும் அந்தத் தாதி கிளினிக்கில் செய்ததும் ஒரே வேலைதான்.

நமது கல்லூரிக்கும் இந்தப் பாரம்பரியம் உண்டு. விடுதியில் இருந்த அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஞாபகம் இருக்கும். நோன்பு மாதம் தொடங்குவதற்கு முதல்நாள், விடுதிப் பொறுப்பாசிரியை முஸ்லிம் பிள்ளைகளைக் கூப்பிட்டு, விடியற்காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும், என்ன சமைத்தால் பகல் முழுக்கத் தாங்கும் என்று கேட்பார். அந்த மாதம் முழுவதும் சமையலறையில் மூன்றரை மணிக்கு விளக்கு எரியும். அதை யாரும் மேடையில் பேசியதில்லை. எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை. ஆனால் பல்பண்பாடு என்றால் என்ன என்பதை எனக்கு அதுதான் கற்பித்தது. வருடாந்த விழாவில் நான்கு பிள்ளைகள் நான்கு இனத்து உடை அணிந்து நிற்பது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உடுப்பை மாற்றியதும் அது முடிந்துவிடுகிறது.

நமக்குக் கிடைக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். வீதிக்கு அந்தப் பக்கம் சிங்கள மொழிமூலப் பாடசாலை இருக்கிறது. நான் பதின்மூன்று வருடங்கள் இங்கே படித்தேன். விளையாட்டுப் போட்டிக் காலத்தில் அவர்களின் பாண்ட் வாத்தியம் எங்கள் வகுப்பறைக்குக் கேட்கும். அவர்களோடு எங்களுக்கு இருந்த உறவு அவ்வளவுதான். அங்கே படித்த ஒருத்தியின் பெயரும் எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது. யுத்தகாலம், பிள்ளைகளை வெளியே அனுப்பவே பெற்றோர் பயந்த காலம் என்பது உண்மை. அதற்கு யாரையும் குறைசொல்ல முடியாது. இன்று அந்தக் காரணம் இல்லை. ஆனால் வீதி இன்னும் அதே அகலத்தில்தான் இருக்கிறது.

மினெட்டின் வாழ்க்கை இன்பமாக முடிந்த கதை அல்ல என்பதையும் மறைக்கக்கூடாது. பெண் என்பதால் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளரும் அவரை நம்பத் தயங்கினார்கள். வேலைகள் குறைந்தன. 1970களின் பிற்பகுதியில் ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை வரலாறு கற்பித்துவிட்டுத் திரும்பி வந்தார். கண்டிக் கலைச் சங்கத்தின் நூற்றாண்டை முன்னிட்டு, குளக்கரையோரம் கலாசார நிலையம் ஒன்றை 1980களின் தொடக்கத்தில் வடிவமைத்தார். நம்முடையதைப் போல அதுவும் ஒரு நூற்றாண்டுக் கட்டடம். 1996இல் இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. இரண்டு வருடங்களில், 1998 நவம்பரில், கண்டியில் காலமானார். அப்போது அவரிடம் பணமும் இல்லை, பக்கத்தில் ஆட்களும் அதிகம் இல்லை. அவர் கட்டிய வீடுகளில் பல இன்று இல்லை. எல்லாப் பக்கத்துக்கும் சொந்தமானவரை எந்தப் பக்கமும் தன்னவர் என்று முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. பல்பண்பாட்டு வாழ்க்கைக்கு இப்படி ஒரு விலையும் உண்டு. பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதியை மட்டும் சொன்னவளாவேன்.

ஆனாலும் வட்டபுளுவவில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். கேட்டுக் கட்டியது நிலைக்கிறது.

இனி வாசலில் இருக்கும் வரைபடத்துக்கு வருகிறேன். அது நல்ல வரைபடம். அதை வரைந்தவர்களின் உழைப்பையும், கனடா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியாவில் இருந்து நிதி அனுப்பிய நம் சகோதரிகளின் அன்பையும் நான் மதிக்கிறேன். மூன்று மாடி, புதிய வகுப்பறைகள், விடுதி, கேட்போர்கூடம் எல்லாம் இருக்கின்றன. நான் செயற்குழுவிடம் கேட்டேன்: இதை இங்கே படிக்கும் பிள்ளைகள் யாராவது பார்த்தார்களா? இன்று காலைதான் வாசலில் வைத்தோம் என்று சொன்னார்கள்.

வைத்தியராக எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன். பாடசாலைப் பிள்ளைகள் சிறுநீர்த் தொற்றோடு என்னிடம் வருகிறார்கள். தண்ணீர் குடிப்பதில்லையா என்று கேட்டால், மலசலகூடத்துக்குப் போக வேண்டி வரும் என்று குடிப்பதில்லை என்கிறார்கள். தூரம், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வருவதில்லை என்று காரணம் சொல்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் பாடசாலைக்கே வராமல் நிற்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நமது வரைபடத்தில் மலசலகூடங்கள் எல்லாம் கீழ்மாடியின் கடைசி மூலையில் இருக்கின்றன. மூன்றாம் மாடியில் படிக்கப்போகும் பிள்ளையைக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை கேட்போர்கூடத்துக்கு எப்படிப் போவாள்? மழைக்காலத்தில் விடுதிப் பிள்ளைகள் துணி காயப்போடுவது எங்கே? முஸ்லிம் பிள்ளைகள் வுளூ செய்து தொழுவது எங்கே? இரண்டு பஸ் மாறித் தோட்டத்திலிருந்து பிள்ளையைப் பார்க்க வரும் தாய், கேற்றுக்கு வெளியே மழையில் நிற்க வேண்டுமா, அவருக்கு ஒரு வாங்கும் கூரையும் உண்டா? விடுதியில் சமைக்கும் அம்மாவிடம் யாராவது அடுப்படியைப் பற்றிக் கேட்டோமா?

ஆகவே இந்தப் பொதுக்கூட்டத்தில் இரண்டு யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, கட்டட ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதை ஒரு தவணைக்குத் தள்ளிவைப்போம். அந்த ஒரு தவணையில் மாணவிகள், ஆசிரியைகள், விடுதி ஊழியர்கள், பெற்றோர் எல்லோரிடமும் ஒரு பக்கக் கேள்விக்கொத்துக் கொடுத்துக் கேட்போம். வாசிக்கத் தெரியாத பெற்றோரிடம் நாமே போய்ப் பேசுவோம். அதற்காக என்னுடைய சனிக்கிழமைகளைத் தர நான் தயார். பதில்களை வைத்துக் கட்டடக்கலைஞரோடு அமர்ந்து வரைபடத்தைத் திருத்துவோம். தாமதமானால் செலவு கூடும் என்று பொருளாளர் கவலைப்படுவார். அவருடைய கவலை சரியானது. ஆனால் கட்டி முடித்த சுவரை உடைக்கும் செலவு அதைவிடக் கூட.

இரண்டாவது, வீதிக்கு அந்தப் பக்கத்துப் பழைய மாணவிகள் சங்கத்தோடு நாம் முதலில் பேசுவோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டு பாடசாலையின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து ஒருவர் மொழியை மற்றவர் பேசிப் பழகட்டும். பரீட்சைக்காக அல்ல, பேசுவதற்காக. அவர்களுக்குக் கற்பிக்க ஆசிரியைகள் கூடத் தேவையில்லை. அவள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று இவள் கேட்கட்டும், இவள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்கட்டும். நாளைக்கு அவர்களில் ஒருத்தி தாதியாவாள், ஒருத்தி கட்டடக்கலைஞராவாள், ஒருத்தி பிரதேச செயலகத்தில் இருப்பாள். அன்றைக்கு எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எல்லோருக்கும் மினெட்டைப் போல இரண்டு பண்பாட்டுப் பெற்றோர் வாய்ப்பதில்லை. எனக்கும் வாய்க்கவில்லை, இங்கே இருப்பவர்களில் மிகச் சிலருக்கே வாய்த்திருக்கும். ஆனால் பிறப்பு கொடுக்காததைப் பாடசாலை கொடுக்கலாம். அதற்காகத்தான் நூறு வருடங்களுக்கு முன்னர் நம் ஸ்தாபகர்கள் இந்த இடத்தில் எல்லோருக்குமாகக் கதவைத் திறந்து வைத்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

பின்வரிசையில் இருக்கும் மாணவிகளே, கூட்டம் முடிந்து போகும்போது அந்த வரைபடத்தை நன்றாகப் பாருங்கள். எது சரியில்லை என்று உங்களுக்குப் படுகிறதோ அதைத் தயங்காமல் செயலாளர் அக்காவிடம் சொல்லுங்கள். அது உங்களுக்காகக் கட்டப்படும் கட்டடம்.

என் இரண்டு யோசனைகளையும் சபையின் தீர்மானத்துக்கு விடுகிறேன்.